மின்கல அடுக்குக் கண்காணிப்புச் சுற்றில் மிகை மின்னழுத்தக் காப்பு வரம்புகள்: பழுதறிதலும் கலைச்சொல் தெளிவும்

ஆய்வுச்சுருக்கம்

லித்தியம் மின்கல அடுக்குகளைக் காக்கும் கண்காணிப்புச் சுற்று, உரிய மின்னழுத்தத்திற்கு முன்பாகவோ பின்பாகவோ மின்னேற்றத்தைத் துண்டிக்கும்போது, பழுது மின்கலத்தில் உள்ளதா, அளவீட்டில் உள்ளதா, வரம்பு மதிப்பில் உள்ளதா, மின்னேற்றியில் உள்ளதா என்று பிரித்தறிவது எளிதன்று. இக்கட்டுரை நான்கு இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் கொண்ட 12.8 வோல்ட் அடுக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பிரித்தறிதலுக்கான வழியை விளக்குகிறது. தமிழில் ‘வரம்பு’, ‘மிகை மின்னேற்றம்’ போன்ற சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளில் வழங்குவது பழுதறிதலை எவ்வாறு திசைதிருப்புகிறது என்பதையும் உடன் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்கல அடுக்கு, மிகை மின்னழுத்தம், துண்டிப்பு வரம்பு, மீட்பு வரம்பு, காலத்தாழ்வு, சமனீடு, அறிவியல் தமிழ்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை ஒட்டி அமைந்த அண்ணாகிராமம் ஒன்றியம், தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் வேளாண் வட்டாரம் ஆகும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இப்பகுதியைத் தாக்கியபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல சிற்றூர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் மக்கள் நினைவில் இன்னும் பசுமையாக உள்ளது. இத்தகைய வட்டாரத்தில் மின்கல அடுக்கு ஆடம்பரப் பொருளன்று. வீட்டு இன்வெர்ட்டர், ஊராட்சியின் சூரியத் தெருவிளக்கு, மின் ஸ்கூட்டர் என்று மூன்று வடிவில் அது ஊருக்குள் நுழைந்துவிட்டது. ஈய அமில மின்கலத்தின் இடத்தை லித்தியம் மின்கலம் பிடித்துவரும் இக்காலத்தில், பழுதுபார்ப்பவர் மேசையிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஈய அமில மின்கலம் சற்று மிகையாக ஏறினால் நீர் வற்றும். வடிநீர் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். லித்தியம் மின்கலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

2022 மார்ச் மாத இறுதியில் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு இணைக்கப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் எழுந்த புகையால் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தீ விபத்துகளுக்குப் பின், ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ‘ஏ.ஐ.எஸ். 156’ என்னும் தரநிலையில் திருத்தங்களைக் கொணர்ந்து, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 ஆகிய நாள்களிலிருந்து இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. கண்காணிப்புச் சுற்றின் மிகை மின்னழுத்தக் காப்பு அத்திருத்தங்கள் வலியுறுத்திய கூறுகளுள் ஒன்று. ஆயினும் தரநிலை என்பது ஆலையிலிருந்து வெளிவரும் புதிய அடுக்கை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டாண்டு ஓடிய பின் உள்ளூர்க் கடையில் திறக்கப்படும் அடுக்கின் பாதுகாப்பு, அதைத் திறப்பவரின் புரிதலைச் சார்ந்தே நிற்கிறது. அந்தப் புரிதல் பெரும்பாலும் தமிழில் நிகழ்கிறது. எழுத்தில் உள்ள விளக்கமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. இவ்விடைவெளியே இக்கட்டுரைக்குக் காரணம்.

சொல்லும் பொருளும்

‘மிகை மின்னழுத்தம்’, ‘மிகை மின்னேற்றம்’ என்னும் இரண்டையும் ஒரே பொருளில் ஆளும் வழக்கம் தமிழ்க் கட்டுரைகளில் காணப்படுகிறது. இவை இரண்டும் வேறு. மிகை மின்னேற்றம் என்பது மின்கலத்தின் உள்ளே நிகழும் வேதியியல் நிலை; ஏற்க வேண்டிய அளவுக்கு மேல் லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து பெயர்க்கப்பட்டுவிட்ட நிலை. மிகை மின்னழுத்தம் என்பது முனைகளுக்கிடையே அளக்கப்படும் ஓர் எண். கண்காணிப்புச் சுற்றால் முதலாவதைக் காண இயலாது. இரண்டாவதைக் கண்டு முதலாவதை ஊகிக்கிறது. ஊகம் பிழைக்கும் இடங்கள் யாவும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே உள்ளன. எனவே இவற்றை ஒரு சொல்லாகக் குழப்பிக்கொள்பவர் பழுதைத் தேட வேண்டிய இடத்தையே இழந்துவிடுகிறார். தமிழகப் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ எனக் குறிப்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘ஏற்றம்’ எனக் குறிப்பதையும் இங்குக் கருத வேண்டும். ‘மின்னேற்றம்’ என்ற சொல்லைச் செயலுக்கு மட்டுமே ஒதுக்குவது குழப்பத்தைக் குறைக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

‘வரம்பு’ என்ற சொல் இன்னும் சிக்கலானது. எல்லை, கட்டுப்பாடு, வயலின் வரப்பு ஆகிய மூன்றையும் அது குறிக்கும். வரப்பு என்னும் பொருளைப் பற்றிக்கொண்டால் சுற்றின் இயல்பு விளங்கும். வயலில் நீர் வரப்பின் உயரத்தைத் தொட்டதும் மடையை அடைக்கிறோம். நீர் ஓர் அங்குலம் இறங்கியதும் மடையைத் திறப்பதில்லை. போதிய அளவு வற்றிய பின்னரே திறக்கிறோம். காற்றில் எழும் சிற்றலை வரப்பைத் தொட்டதற்காக யாரும் மண்வெட்டியைத் தூக்குவதுமில்லை. மிகை மின்னழுத்தக் காப்பிலும் இவ்வாறே மூன்று மதிப்புகள் உள்ளன. மின்னேற்றம் நிறுத்தப்படும் மின்னழுத்தத்தைத் துண்டிப்பு வரம்பு என்றும், மீண்டும் அனுமதிக்கப்படும் மின்னழுத்தத்தை மீட்பு வரம்பு என்றும், மின்னழுத்தம் துண்டிப்பு வரம்புக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றால் சுற்று செயல்படும் என்பதைக் காலத்தாழ்வு என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. பட்டறை வழக்கில் இம்மூன்றும் ‘கட்-ஆஃப்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. “கட்-ஆஃப் சரியில்லை” என்று ஒருவர் சொன்னால் மூன்றில் எது என்று கேட்பதே பழுதறிதலின் முதற்படி.

இரும்பு பாஸ்பேட் மின்கலத்தின் இயல்பு

தெருவிளக்குகளிலும் வீட்டு அடுக்குகளிலும் இன்று மிகுதியாகப் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம். இதன் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட், முழு மின்னேற்றத்தில் 3.65 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், முழு ஏற்றத்தில் 14.6 வோல்ட் கிடைக்கும். மின் ஸ்கூட்டர்களில் மிகுதியாக உள்ள நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகையில் முழு ஏற்றம் 4.2 வோல்ட். ஒன்றுக்கு உரிய பலகையை மற்றதில் பொருத்தினால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. 4.25 வோல்ட்டில் துண்டிக்கும் பலகையின் கீழ் இரும்பு பாஸ்பேட் மின்கலம் காப்பே இல்லாமல் நிற்கிறது.

இவ்வகை நேர்மின்வாய்க்கு வித்திட்ட ஆய்வில் தமிழகத்தாருக்கும் பங்குண்டு. மதுரையில் பட்டமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்ற ஆறுமுகம் மந்திரம், ஜான் குட்இனஃபுடன் இணைந்து 1980களின் இறுதியில் பல்லணு எதிரயனிச் சேர்மங்களை மின்வாய்ப் பொருளாக ஆராய்ந்தார். அவ்வழியின் நீட்சியாகவே 1990களின் பிற்பகுதியில் இரும்பு பாஸ்பேட் வெளிவந்தது. 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வழங்கியவரும் மந்திரமே.

பழுதறிவோர் இம்மின்கலத்தைப் பற்றி நினைவில் கொள்ள வேண்டியது அதன் மின்னழுத்த வரைவின் வடிவம். கொள்ளளவின் பெரும்பகுதியில் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டை ஒட்டி ஏறக்குறையச் சமவெளியாகக் கிடக்கிறது. இறுதிச் சில விழுக்காட்டில் செங்குத்தாக எழுகிறது. தொடரிலுள்ள நான்கில் ஒன்று மற்றவற்றைவிடச் சிறிதளவு முன்னேறியிருந்தால், சமவெளியில் அவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நாள் முழுதும் நான்கும் 3.33 வோல்ட் காட்டும். இறுதியில் அந்த ஒன்று மட்டும் சில நிமிடங்களில் 3.7ஐ நோக்கிப் பாயும்; மற்ற மூன்றும் 3.4இல் நிற்கும். அப்போது பலகை துண்டித்தால் அது பழுதன்று. பலகை தன் கடமையைச் செய்திருக்கிறது. ‘பாதி ஏறியதும் கட் ஆகிறது’ என்று வரும் அடுக்குகளில் முதலில் ஐயுற வேண்டியது இந்தச் சமனின்மையையே.

மின்னேற்றம் நின்றதும் இம்மின்கலத்தின் மின்னழுத்தம் விரைவில் 3.4 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும் என்பதும் முக்கியம். மீட்பு வரம்பை 3.55இல் வைத்தால், துண்டித்த சிறிது நேரத்தில் சுற்று மீண்டும் இணையும், மின்னழுத்தம் உடனே எழும், மீண்டும் துண்டிக்கும். மின்னேற்றியின் விளக்கு சிவப்புக்கும் பச்சைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டு துண்டிப்பு வரம்பை உயர்த்துவோர் உளர். உயர்த்தினால் துடிப்பு நிற்பதில்லை. உயர்ந்த இடத்தில் துடிக்கிறது. தாழ்த்த வேண்டியது மீட்பு வரம்பை. அல்லது சமனின்மையை நீக்க வேண்டும்.

முழு அடுக்கை மட்டும் நோக்கும் சுற்று

மலிவான சூரிய மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சிலவற்றில் தனி மின்கலங்களை அளக்கும் ஏற்பாடு இல்லை. அடுக்கின் மொத்த மின்னழுத்தத்தை இரு மின்தடைகளால் பகுத்து, ஒரு மேற்கோள் மின்னழுத்தத்துடன் ஒப்பிட்டுத் துண்டிக்கின்றன. டி.எல்.431 என்னும் பழகிய மேற்கோள் உறுப்பின் மதிப்பு 2.495 வோல்ட். கீழ்த்தடை 10 கிலோ ஓம், மேல்தடை 48.5 கிலோ ஓம் (47உம் 1.5உம் தொடராக) எனில் துண்டிப்பு வரம்பு 2.495 × 5.85, அதாவது 14.6 வோல்ட் எனக் காகிதத்தில் வரும். தடைகள் 5 விழுக்காடு பிழை அனுமதி கொண்டவையாயின், மிக மோசமான சேர்க்கையில் அவ்வரம்பு 13.44 வோல்ட்டிலிருந்து 15.87 வோல்ட் வரை எங்கும் அமையலாம். 1 விழுக்காட்டுத் தடைகளாயின் 14.36 முதல் 14.84 வரை. தங்க நிறப் பட்டை கொண்ட தடையைக் கழற்றிவிட்டுப் பழுப்புப் பட்டை கொண்டதை வைப்பது சில ரூபாய்ச் செலவில் முடியும் வேலை. சுற்றுப்படத்தில் 14.6 என்று அச்சிட்டிருப்பதை நம்பி மின்கலத்தைக் குறைகூறுவதற்கு முன் இதைப் பார்ப்பது நன்று.

ஆனால் தடைகளை எவ்வளவு துல்லியமாக்கினும் இவ்வகைச் சுற்றின் அடிப்படைக் குறை தீராது. மூன்று மின்கலங்கள் 3.50 வோல்ட்டிலும் நான்காவது 4.10 வோல்ட்டிலும் இருந்தால் கூட்டுத்தொகை 14.6தான். சுற்று எல்லாம் நலம் என்று கருதும்.

மொத்த மின்னழுத்தம் நலமாக இருப்பது எதையும் மெய்ப்பிக்காது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2013 ஜனவரி 7ஆம் நாள் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் எட்டு மின்கலங்கள் கொண்ட துணை மின்கல அடுக்கு எரிந்தது. அடுக்கின் மின்னழுத்தம் வடிவமைப்பு எல்லையான 32 வோல்ட்டைத் தாண்டவில்லை என்று பதிவுக் கருவி காட்டியதாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சில நாள்களிலேயே அறிவித்தது. ஒரு மின்கலத்தின் உள்ளே ஏற்பட்ட குறுக்குச்சுற்றே தொடக்கம் என்று பின்னர் அவ்வாரியம் முடிவுசெய்தது. மிகை மின்னழுத்தக் காப்பு ஒரு வாயிலை மட்டுமே காக்கிறது. எல்லா வாயில்களையும் அன்று.

அளவீட்டுப் பிழையை இனங்காணல்

தனி மின்கலங்களை அளக்கும் பலகையில் ஒரு மின்கலம் மிகை காட்டினால், அது மெய்யா பொய்யா என்பதே கேள்வி. இதற்குப் பன்னளவியால் மின்கலத்தின் முனையிலேயே தொட்டு அளக்க வேண்டும். பலகையின் இணைப்பியில் அளந்தால், பலகை காணும் பொய்யையே நாமும் காண்போம். இரண்டும் ஒத்திருந்தால் மின்கலம் உண்மையிலேயே உயர்ந்துள்ளது. வேறுபட்டால் பழுது இடைப்பட்ட கம்பியில் அல்லது பலகையில் உள்ளது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு இன்றியமையாதது. பட்டறைகளில் புழங்கும் மூன்றரை இலக்கப் பன்னளவியில் 20 வோல்ட் நிலையில் கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட். அதன் பிழை அனுமதி 0.5 விழுக்காடும் 3 இலக்கமும் எனக் கொண்டால், 3.65 வோல்ட்டில் 18 மில்லிவோல்ட்டும் 30 மில்லிவோல்ட்டும் சேர்ந்து ஏறத்தாழ 48 மில்லிவோல்ட் ஐயம் உண்டு. துண்டிப்புச் சில்லுகளின் பிழை அனுமதியோ பெரும்பாலும் 25 முதல் 50 மில்லிவோல்ட். அளக்கும் கோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே அளவு ஐயத்திற்குரியவையாக இருக்கும்போது, “வரம்பு 30 மில்லிவோல்ட் தவறு” என்று தீர்ப்பளிக்க இயலாது. நான்கரை இலக்கக் கருவியோ, அறிந்த மேற்கோள் மின்னழுத்தத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த கருவியோ வேண்டும். பொறியியல் மாணவர் ஆய்வறிக்கைகள் பலவற்றில் அளவுக்கருவியின் ஐயம் குறிக்கப்படுவதே இல்லை என்பது வருந்தத்தக்கது.

உணர்கம்பி, அதாவது பட்டறை வழக்கில் ‘சென்ஸ் ஒயர்’, அறுந்தாலோ இணைப்பியில் துருவேறினாலோ தோன்றும் அடையாளம் தெளிவானது. இரண்டாம், மூன்றாம் மின்கலங்களுக்கு இடைப்பட்ட கம்பி விடுபட்டதாகக் கொள்வோம். இரண்டும் உண்மையில் 3.34 வோல்ட். பலகையோ ஒன்றை 3.90 என்றும் மற்றொன்றை 2.78 என்றும் காட்டக்கூடும். கூட்டினால் 6.68, உண்மைக் கூட்டுத்தொகையும் அதுவே. அடுத்தடுத்த இரண்டில் ஒன்று உயர்ந்து மற்றது அதே அளவு தாழ்ந்து கூட்டுத்தொகை மாறாதிருந்தால் நடுக்கம்பியையே முதலில் ஐயுறலாம். உப்புக்காற்று வீசும் கடலூர்க் கரையோரத்தில் கம்பத்தின் மேல் தொங்கும் பெட்டிகளில் இவ்வகைப் பழுதை எதிர்பார்த்தே திறக்க வேண்டும். இதை மின்கலப் பழுது எனக் கருதி நல்ல மின்கலத்தை வீசிவிட்டுப் புதியதை வைப்பவருக்கு, கம்பியைத் தொட்டு அசைத்ததால் சிலநாள் சரியாகிப் பின் மீண்டும் வரும்.

சமனீட்டின்போது தோன்றும் பொய்யளவு வேறு வகை. உயர்ந்த மின்கலத்தின் மின்னோட்டத்தை ஒரு தடை வழியே வடித்துச் சமப்படுத்தும் ஏற்பாட்டில், வடியும் மின்னோட்டம் உணர்கம்பி வழியாகவே செல்கிறது. 50 மில்லியாம்பியர் ஓடும் கம்பியின் தொடுதடை 0.5 ஓம் எனில் ஒரு கம்பியில் 25 மில்லிவோல்ட் வீழும். சமனீடு பெறும் மின்கலம் இரு கம்பிகளிலும் வீழ்ச்சி காண்பதால் 50 மில்லிவோல்ட் தாழ்ந்து தோன்றும்; அதன் இருபுற அண்டை மின்கலங்கள் ஒவ்வொன்றும் 25 மில்லிவோல்ட் உயர்ந்து தோன்றும். அளவிடும் நேரத்தில் சமனீட்டை நிறுத்தாத பலகையில், வரம்பை ஒட்டி நிற்கும் அண்டை மின்கலம் இதனால் பொய்யாகத் துண்டிப்பை ஏற்படுத்தலாம்.

உணர்கம்பி மின்கல முனையில் பற்றவைக்கப்படாமல் இணைப்புத் தகட்டின் தொலைவில் பற்றவைக்கப்பட்டிருந்தால், தகட்டின் வீழ்ச்சியும் மின்கலக் கணக்கில் சேரும். 1 மில்லி ஓம் தடையில் 20 ஆம்பியர் ஓடினால் 20 மில்லிவோல்ட். மின்னேற்ற மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பார்த்தால் இப்பிழையும் பாதியாகும். மின்கலத்தின் உள்தடையாலும் இவ்வாறு நிகழும் என்பதால் முனையில் தொட்டு அளந்தே இரண்டையும் பிரிக்க வேண்டும்.

நிரலில் உள்ள வரம்பு

ஒற்றை மின்கலப் பலகைகளில் உள்ள டி.டபிள்யூ.01 போன்ற சில்லுகளில் வரம்பு ஆலையிலேயே பதிக்கப்பட்டது, 4.25 அல்லது 4.30 வோல்ட் எனப் பின்னொட்டுக்கேற்ப மாறும். மாற்றச் சில்லு வாங்குவோர் பின்னொட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிரலால் வரம்பு எழுதப்படும் சில்லுகளில்தான் நுட்பமான பிழைகள் பதுங்குகின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.கியூ.76920 மூன்று முதல் ஐந்து மின்கலங்களைக் கண்காணிப்பது. அதில் மின்னழுத்தம் 14 பிட் எண்ணாக மாற்றப்படுகிறது. ஓர் எண்படிக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்னும் பெருக்கமும், எத்தனை மில்லிவோல்ட் விலக்கம் என்பதும் சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஆலையில் அளந்து ஒவ்வொரு சில்லிலும் பதிக்கப்பட்டிருக்கும். பெருக்கம் 365 முதல் 396 வரை அமையும்.

வரம்பைக் கணிக்கும் முறை இது. விரும்பும் மின்னழுத்தத்திலிருந்து விலக்கத்தைக் கழித்துப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் 14 பிட் எண்ணில் மேலிரண்டு பிட்டுகளையும் கீழ் நான்கு பிட்டுகளையும் நீக்கி, நடு எட்டை மட்டும் வரம்புப் பதிவகத்தில் எழுத வேண்டும். மிகை மின்னழுத்தத்திற்கு மேலிரண்டை 10 என்றும் கீழ் நான்கை 1000 என்றும் சில்லே இட்டுக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, ஒரு சில்லின் பெருக்கம் 380 மைக்ரோவோல்ட், விலக்கம் 30 மில்லிவோல்ட் எனக் கொள்வோம். 3650இலிருந்து 30 போக 3620, 0.380ஆல் வகுக்க 9526. பதினாறடிமானத்தில் இது 2536. நடு எட்டு பிட்டுகள் 53. சில்லு இதை 2538 என நிறைவுசெய்யும், பதின்மத்தில் 9528. திருப்பிக் கணித்தால் 3650.6 மில்லிவோல்ட். ஒரு படியின் அகலம் 16 × 0.380, அதாவது ஏறத்தாழ 6 மில்லிவோல்ட். அதற்கு மேல் நுணுக்கத்தை இங்கு எதிர்பார்க்கக் கூடாது.

விலக்கத்தை மறந்துவிட்டால் என்ன ஆகும்? 3650ஐ நேரே 0.380ஆல் வகுக்க 9605, பதினாறடிமானத்தில் 2585, எழுதப்படுவது 58. உண்மைத் துண்டிப்பு 3681 மில்லிவோல்ட்டில் நிகழும். பெருக்கத்தைச் சில்லிலிருந்து படிக்காமல் இணையத்தில் கிடைத்த நிரலில் உள்ள 382ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் பிழை இன்னும் பெரிது. அவ்வாறு எழுதப்படும் மதிப்பு 50. பெருக்கம் உண்மையில் 368 ஆக உள்ள சில்லில் இது 3519 மில்லிவோல்ட்டில் துண்டிக்கும். 396 ஆக உள்ள சில்லில் 3784 மில்லிவோல்ட் வரை விட்டுவைக்கும். ஒரே நிரலை ஏற்றிய இரு பலகைகள் இருவேறு விதமாக நடந்துகொள்வதன் காரணம் பல நேரங்களில் இதுவே. முன்னது தொல்லையாக வெளிப்பட்டுத் திருத்தப்பட்டுவிடும். பின்னதைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. அடுக்கு நன்றாக ஏறுகிறது என்றே பாராட்டுவர்.

நான்கு மின்கலங்களை மட்டும் இணைக்கும்போது இச்சில்லில் நான்காம் தடம் குறுக்கே இணைக்கப்பட்டு, நான்காம் மின்கலம் ஐந்தாம் தடத்தில் அளக்கப்படும் என்பதையும் நிரல் எழுதுவோர் மறக்கின்றனர். மேலும், துண்டித்த பின் இச்சில்லு தானாக மீள்வதில்லை. மின்னழுத்தம் இறங்கியதை நுண்கட்டுப்படுத்தி உறுதிசெய்து, பழுதுக்குறியின் பிட்டில் 1 என எழுதி அதை அழித்து, மின்னேற்ற வாயிலை மீண்டும் திறக்க வேண்டும். 0 எழுதி அழிக்க முயலும் நிரலில் அடுக்கு நிலையாக முடங்கிக் கிடக்கும். அதாவது இங்கு மீட்பு வரம்பு சில்லில் இல்லை. நிரல் எழுதியவரின் மனத்தில் உள்ளது.

வரம்பைச் சோதிக்கும் முறை

துண்டிப்பு வரம்பைச் சோதிக்க உண்மையான மின்கலத்தை வரம்புக்கு மேல் ஏற்றிப் பார்ப்பது தவிர்க்கப்பட வேண்டும். காப்பு செயல்படவில்லை என்ற ஐயத்தில்தான் சோதனையே நடக்கிறது; ஐயம் மெய்யானால் மேசை மீதிருப்பது மிகை மின்னேற்றம் பெற்ற மின்கலம். அதற்கு மாற்றாக மின்கலங்களைக் கழற்றிவிட்டு, 100 ஓம் தடைகள் நான்கைத் தொடராக இணைத்துச் சீரான மின்வழங்கியால் ஊட்டி, இணைப்புப் புள்ளிகளைப் பலகைக்கு மின்கலம்போல் காட்டலாம். மொத்தம் 14.6 வோல்ட்டில் தடை ஒவ்வொன்றிலும் 36.5 மில்லியாம்பியர் ஓடும். பலகையின் சமனீடு 50 மில்லியாம்பியரை இழுக்கத் தொடங்கினால் இந்தப் பகுப்பு சிதைந்துவிடும் என்பதால் சமனீட்டை நிரலில் நிறுத்தியே இச்சோதனையைச் செய்ய வேண்டும். சமனீட்டை நிறுத்த இயலாத பலகைகளுக்கு ஒவ்வொரு தடத்திற்கும் தனித்தனியே, ஒன்றோடொன்று மின்தொடர்பற்ற வழங்கிகள் தேவை.

மின்னழுத்தத்தை 5 மில்லிவோல்ட் படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் காலத்தாழ்வைவிட மிகுதியாகக் காத்திருக்க வேண்டும். காலத்தாழ்வு 1 வினாடி கொண்ட சுற்றில் வினாடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் குமிழைத் திருகினால், வரம்பு உண்மையைவிட 50 மில்லிவோல்ட் உயர்வாகத் தோன்றும். பி.கியூ.76920இல் காலத்தாழ்வை 1, 2, 4, 8 வினாடிகள் என அமைக்கலாம்; 8இல் அமைந்த பலகையை அவசரத்தில் சோதிப்பவர் காப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். துண்டித்த புள்ளியைக் குறித்தபின் அதே பொறுமையுடன் இறக்கி மீண்ட புள்ளியையும் குறிக்க வேண்டும். கம்பத்துப் பெட்டிக்குள் கோடையில் நிலவும் வெப்பத்தில் சில்லின் வரம்பு சற்று நகரும் என்பதால், அறை வெப்பநிலையில் எடுத்த அளவோடு நின்றுவிடாமல் பலகையைச் சூடாக்கியும் ஒருமுறை பார்ப்பது பயன் தரும்.

துண்டிப்புக்குப் பின் மறுபுறம்

சூரியத் தெருவிளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி ஈய அமில அமைப்பிலேயே விடப்பட்டிருந்தால், அதன் சமநிலை ஏற்றக் கட்டத்தில் 15 வோல்ட்டுக்கு மேல் செல்லக்கூடும். 15.2 வோல்ட் என்றால் மின்கலம் ஒவ்வொன்றுக்கும் 3.8. பலகை சரியாகவே துண்டிக்கும். துண்டித்த கணத்தில் கட்டுப்பாட்டுக் கருவியின் வெளிமுனையில் மின்கல அடுக்கு இல்லாமற்போகிறது. 36 செல் கொண்ட சூரியப் பலகையின் திறந்த சுற்று மின்னழுத்தம் 21 வோல்ட்டைத் தாண்டும். கருவி அதை அடக்கும் திறனற்றதாயின் அம்மின்னழுத்தம் விளக்கின் இயக்கியைத் தாக்கும். விளக்கு எரிந்துபோகும், மின்கல அடுக்கு நலமாக இருக்கும், குற்றம் பலகையின் மேல் விழும். வரம்பை உயர்த்தி இதைத் தீர்க்க முற்படுவது நோயை வீட்டிலிருந்து வயலுக்கு மாற்றுவது போன்றது. மாற்ற வேண்டியது கட்டுப்பாட்டுக் கருவியின் மின்கல வகைத் தேர்வு. அத்தேர்வு இல்லாத கருவியாயின் கருவியையே மாற்ற வேண்டும்.

பழுதுநீக்கிய அடுக்கின் உறையில் எழுதி ஒட்டப்பட வேண்டியவை குறைவே: மின்கல வகை, அளந்தறிந்த துண்டிப்பு வரம்பு, மீட்பு வரம்பு, காலத்தாழ்வு, அளந்த கருவி, நாள். தமிழில் எழுதினால் அடுத்துத் திறப்பவர் படிப்பார். ‘கட்-ஆஃப் 3.65’ என்று மட்டும் எழுதியிருக்கும் உறையிலிருந்து, அது எழுதப்பட வேண்டிய மதிப்பா, அளந்தறிந்த மதிப்பா என்பதைக்கூட அவரால் அறிய முடியாது.